மூன்று இறகுப்பந்து மட்டைகளும் வடசென்னை டபுள்ஸ் ஆட்டமும்: ஒரு மதிப்பீடு

தொண்டையார்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் என வடசென்னை எங்கும் தகரக் கூரை போட்ட உள்ளரங்குகளில் ஷட்டில் (இறகுப்பந்து) ஆடுபவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் புறப்படும் முன்போ, வேலை முடிந்து திரும்பிய பின்போ, மணிக்கு இவ்வளவு என்று வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு டபுள்ஸ் ஆடுபவர்கள். ஓர் அரங்குக்கு ஆறு பேர், எட்டு பேர் என வருவதால் சிங்கிள்ஸ் ஆட இடமும் நேரமும் கிடைப்பது அரிது. ஆனால், இவர்கள் கையில் இருக்கும் மட்டைகளைப் பார்த்தால், பெரும்பாலானவை தொலைக்காட்சியில் பார்த்த சாம்பியன் ஒருவரின் மட்டையாகவோ, நண்பர் வாங்கினார் என்பதற்காக வாங்கியதாகவோ இருக்கின்றன. ஒருவருடைய ஆட்டத்துக்குப் பொருந்தாத மட்டை, விலை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அவருடைய புள்ளிகளைக் குறைக்கும்; தோளையும் முழங்கையையும் வருத்தும். ஆகவே, யோனெக்ஸ் நிறுவனத்தின் மூன்று வெவ்வேறு வகை மட்டைகளை ஒரே அரங்கில், ஒரே குழுவினர் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்து ஆடிப் பார்த்து, எது யாருக்குப் பொருந்துகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டவை அஸ்ட்ராக்ஸ் 88டி புரோ, நானோஃபிளேர் 700, ஆர்க்சேபர் 11 புரோ ஆகிய மூன்றும். மூன்றிலும் 4யு எடைப் பிரிவையே தேர்ந்தெடுத்தோம். பிஜி65 நரம்பை 24 பவுண்டு இழுவிசையில், ஒரே ஆளிடம் கொடுத்துக் கட்டினோம். மேற்சுற்றுக் கிரிப்பும் ஒரே வகை. இவ்வளவையும் சமமாக வைத்தால்தான் மட்டைக்கு மட்டை உள்ள வேறுபாடு தெரியும். கடையில் நரம்பு கட்டாத மட்டையை எடுத்துக் காற்றில் இரண்டு வீச்சு வீசிப் பார்த்து முடிவெடுப்பது எந்தப் பயனும் தராது, ஏனெனில் நரம்பு ஏறியதும் மட்டையின் எடை தலைப்பக்கமாக நகர்ந்துவிடும். ஆடியவர்களில் ஒருவர் பின்களத்திலிருந்து ஓயாமல் அடிப்பவர். ஒருவர் கல்லூரி மாணவி, நெட் அருகே நின்று ஆட்டத்தை நடத்துபவர். ஒருவர் பள்ளிக் காலத்தில் பூப்பந்து (கம்பளிப் பந்தில் ஆடும் பால் பாட்மின்டன்) ஆடிவிட்டு நாற்பது வயதுக்கு மேல் ஷட்டிலுக்கு வந்தவர். நான் டபுள்ஸில் இரண்டு இடத்திலும் நிற்பவன். அடியைவிடத் தடுப்பில் நம்பிக்கை உள்ளவன்.

மட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது முதல் வேலை. யோனெக்ஸ் முறைப்படி 3யு என்பது 85 முதல் 89.9 கிராம், 4யு என்பது 80 முதல் 84.9 கிராம், 5யு என்பது 75 முதல் 79.9 கிராம். எண் கூடக் கூட எடை குறையும். கைப்பிடிக்கும் இப்படித்தான்: ஜி4ஐவிட ஜி5 மெல்லியது. எடை மொத்தமாக எவ்வளவு என்பதைவிட, அது எங்கே குவிந்திருக்கிறது என்பது முக்கியம். கைப்பிடியின் அடியிலிருந்து அளந்து, மட்டை எந்த இடத்தில் தராசு போல நிற்கிறதோ அதைச் சமநிலைப் புள்ளி என்கிறார்கள்; பொதுவாக அது 285 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தலை இலேசான மட்டை என்றும், 295ஐத் தாண்டினால் தலை கனத்த மட்டை என்றும், இடைப்பட்டவை சமநிலை மட்டை என்றும் கணக்கு. தலை கனத்தது, வீச்சு முழுமையாக வந்தால், ஷட்டிலுக்குள் கூடுதல் உந்தத்தைச் செலுத்தும். ஆனால், அடித்து முடித்த மட்டையை மறுபடி மார்புக்கு முன்னால் கொண்டுவர அதே கனம் இடைஞ்சல் செய்யும். தலை இலேசானது இதற்கு நேர்மாறு. இந்த மூன்றில் அஸ்ட்ராக்ஸ் தலை கனத்த வகை, நானோஃபிளேர் தலை இலேசான வகை, ஆர்க்சேபர் சமநிலை வகை.

இதைப் பலரும் அறிவார்கள். மட்டையின் தண்டு, அதாவது கைப்பிடிக்கும் தலைக்கும் இடையிலுள்ள மெல்லிய பகுதி, எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. என் கணிப்பில், நம்மூர் ஆட்டக்காரர்களுக்கு எடையைவிடவும் சமநிலையைவிடவும் இதுவே முதலில் பார்க்க வேண்டியது. கை வேகம் எடுக்கும்போது தண்டு பின்னோக்கி வளைகிறது. ஷட்டிலைத் தொடும் நேரத்தில் அந்த வளைவு நிமிர்ந்து, கையின் வேகத்துக்கு மேல் சிறிது வேகத்தைச் சேர்க்கிறது. கையின் வீச்சு வேகமாக உள்ளவருக்கு விறைப்பான தண்டும் வளையும். வளைந்ததும் உடனே நிமிர்ந்துவிடும் என்பதால் ஷட்டில் அவர் நினைத்த இடத்துக்கே போகும். வீச்சு மெதுவாக உள்ளவர் அதே தண்டைப் பிடித்தால் அது வளையவே வளையாது. அடியின் முழு அதிர்ச்சியும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் திரும்பி வரும். ஷட்டிலோ பின் கோட்டுக்கு ஓரடி முன்பே விழும். மாறாக, வேகமான கைக்கு மிக இளகிய தண்டு கிடைத்தால், கை போய்ச் சேர்ந்த பிறகும் மட்டையின் தலை பின்தங்கி நிற்க, அடி திசை மாறிப் போகும். இதைச் சோதிக்கப் பயிற்சியாளர் தேவையில்லை. உங்கள் பின்கோட்டில் நின்று மறுபக்கப் பின்கோட்டுக்கு, உடலை முறுக்காமல், இயல்பான வீச்சில் கிளியர் (உயரமாகவும் நீளமாகவும் போகும் அடி) அடித்துப் பாருங்கள். அது எளிதாகப் போய்ச் சேர்ந்தால் விறைப்பான தண்டைத் தாங்கும் கை உங்களுடையது. பல்லைக் கடித்து அடித்தால்தான் போகிறது என்றால் நடுத்தர நெகிழ்வுள்ள தண்டுக்கு மேல் போக வேண்டாம். இந்தச் சோதனையை ஆட்டம் தொடங்கும்போது செய்யக் கூடாது என்பதும் முக்கியம். மூன்றாவது, நான்காவது ஆட்டம் முடிந்து சட்டை நனைந்து ஊறியிருக்கும் நேரத்தில் உங்கள் கைக்கு என்ன வேகம் மிஞ்சியிருக்கிறதோ அதுதான் மட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேகம்.

அஸ்ட்ராக்ஸ் 88டி புரோவின் தண்டு விறைப்பானது, தலை கனத்தது. 2021இல் வந்த இந்த மட்டையின் பெயரில் உள்ள 'டி' டபுள்ஸில் பின்களத்தில் நின்று தாக்குபவரைக் குறிக்கிறது. முன்களத்தில் நிற்பவருக்கென்று இதன் இணையாக 88எஸ் புரோ இருக்கிறது. எங்கள் குழுவின் பின்களத் தாக்குதல்காரர் கையில் இது போனதும் ஸ்மாஷின் (மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பதன்) சத்தமே மாறியது, இறக்கம் கூர்மையானது, எதிரணியினர் ஓரடி பின்னால் தள்ளி நிற்கத் தொடங்கினார்கள். அவர் தோளும் முதுகும் சேர்ந்து அடிப்பவர் என்பதால் மட்டையின் கனம் அவருக்குச் சுமையாகவில்லை. அதே மட்டையை நான் பிடித்தபோது முதல் ஆட்டம் நன்றாகவே போயிற்று. இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் உடம்புக்கு நேராக வரும் வேகமான டிரைவ்களை (நெட்டை ஒட்டித் தட்டையாக வரும் அடிகளை) எடுக்க மட்டை அரை நொடி தாமதமாக எழுந்தது. கல்லூரி மாணவி இதைச் சில ரேலிகளிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். நெட் அருகே ஷட்டிலை இலேசாகத் தட்டி விழவைக்கும் அவருடைய அடிக்கு இந்தத் தலைக்கனம் வேண்டாத பாரம். நல்ல அடிப்படைத் திறனும், வாரத்தில் பல நாள் ஆடும் பழக்கமும், தோளில் வலுவும் உள்ள பின்களத்தவர் தயங்காமல் வாங்கலாம். 'ஸ்மாஷ் பலமாக விழவில்லை, அதனால் இதை வாங்குகிறேன்' என்று நினைப்பவர் வாங்கக் கூடாது. வராத ஸ்மாஷை இந்த மட்டை வரவழைக்காது, ஏற்கெனவே வரும் ஸ்மாஷை இன்னும் கனமாக்கும், அவ்வளவுதான்.

நானோஃபிளேர் 700இன் தண்டு நடுத்தர நெகிழ்வு கொண்டது, தலை இலேசானது. முன்களத்தில் நின்று சர்வீஸை வாங்கி உடனே தள்ளுபவர்களுக்கும், உடம்புக்கு நேராக வரும் ஸ்மாஷைத் திருப்புபவர்களுக்கும் இது கையோடு ஒட்டிக்கொண்டதுபோல நகர்கிறது. மாணவியின் ஆட்டம் இதில்தான் மிகவும் மலர்ந்தது. அவர் தொட்ட ஷட்டில்களில் தடுப்புக்குப் போனவை குறைந்து, கொல்லும் அடிக்குப் போனவை கூடின. பேக்ஹேண்ட் பலவீனமாக இருப்பவர்களுக்கும் இந்த இலேசான தலை பெரிய துணை. குறை என்று சொன்னால், பின்களத்திலிருந்து நீளமாக அடிக்கும்போது மட்டை தானாக எதையும் சேர்த்துக் கொடுப்பதில்லை. வேகத்தைக் கையே உண்டாக்க வேண்டும். தலை கனத்ததற்குப் பழகியவர்கள் முதலில் அடியின் நேரத்தைத் தவறவிட்டு ஷட்டிலை முன்கூட்டியே தொட்டுவிடுகிறார்கள்.

தலை இலேசான மட்டையில் ஸ்மாஷ் வராது என்று நம் அரங்குகளில் உறுதியாகப் பேசுபவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் உள்ள யோனெக்ஸ் தொழிற்சாலையில் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்து கின்னஸ் சாதனை படைத்தபோது அவர் கையில் இருந்தது நானோஃபிளேர் 1000இசட், அதாவது இதே தலை இலேசான குடும்பத்தின் மட்டை. அதன் தண்டு மிக விறைப்பானது. அவருடைய கை வேகத்துக்கு அது வளையும், நமக்கு வளையாது. ஆனாலும், வேகம் முதலில் வீச்சிலிருந்து வருகிறது, தலையின் கனம் அதற்கு அடுத்தபடிதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆர்க்சேபர் 11 புரோ 2022இல் வந்தது. பழைய ஆர்க்சேபர் 11ஐ விரும்பி ஆடியவர்கள் நம்மிடையே இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது சொந்த வீட்டுக்குத் திரும்பியதாகவே இருக்கும். ஷட்டில் நரம்பில் ஒரு கணம் தங்கிப் போகிறது என்ற உணர்வு இதில் கிடைக்கிறது. அதனால் டிராப் (பின்னாலிருந்து நெட்டுக்கு அருகே மெதுவாக இறக்கும் அடி), நெட் ஷாட், கோட்டை ஒட்டி வைக்கும் டிரைவ் ஆகியவற்றில் குறி தப்புவது குறைவு. எனக்கு இந்த மூன்றில் பிடித்தது இதுதான். பின்னால் நின்றாலும் முன்னால் நின்றாலும் அடுத்த அடிக்கு மட்டை தயாராக இருந்தது. எங்கும் மிகச் சிறப்பாக இல்லை, எங்கும் கைவிடவும் இல்லை. ஆனால், இதன் தண்டு விறைப்பானது என்பதை மறந்துவிட்டு, சமநிலை மட்டை என்றதும் எல்லோருக்கும் ஏற்றது என்று பரிந்துரைப்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். எங்கள் குழுவில் பூப்பந்திலிருந்து வந்தவர் இதைப் பிடித்து ஆடிய மறுநாள் முழங்கையின் வெளிப்புறம் வலிப்பதாகச் சொன்னார்.

அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வடசென்னைப் பள்ளி மைதானங்களில் பூப்பந்து ஆடி வளர்ந்து பிறகு ஷட்டிலுக்கு வந்தவர்கள் நிறையப் பேர். பூப்பந்து மட்டை 165 முதல் 185 கிராம் வரை எடையுள்ளது. அதில் அடிபடும் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம். இறகு ஷட்டிலோ 4.74 முதல் 5.50 கிராம்தான். இந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் முழுக் கையையும் சுழற்றி அடிப்பார்கள்; மணிக்கட்டும் விரல்களும் கடைசி நொடியில் செய்ய வேண்டிய வேலையைத் தோளிடம் ஒப்படைத்துவிடுவார்கள். கனமான மட்டைக்குப் பழகிய கை என்பதால் 3யு, தலை கனத்தது என்று கடைக்காரர்கள் எடுத்துக் கொடுப்பது வழக்கம். நான் இதற்கு எதிரான முடிவையே சொல்வேன். இவர்களுக்கு நடுத்தர நெகிழ்வுள்ள தண்டு, 4யு எடை, சமநிலை அல்லது தலை சற்று இலேசானது நல்லது. கையில் கனம் இல்லாதபோதுதான் மணிக்கட்டைப் பயன்படுத்தும் பழக்கம் வரும். எங்கள் நண்பர் நானோஃபிளேரைப் பிடித்தபோது தொடக்கத்தில் 'காற்றைப் பிடித்தது போல இருக்கிறது, தம்பி' என்று அலுத்துக்கொண்டார். சில வாரங்களில் அவருடைய தடுப்பாட்டம் எங்களில் எவருடையதையும்விடத் திடமானதாகிவிட்டது.

உங்கள் ஆட்டம் எப்படிப்பட்டது என்பதை நீங்களே நினைத்துச் சொல்வதைவிட, ஒருவரைக் கைப்பேசியில் இரண்டு ஆட்டங்களைப் படம்பிடிக்கச் சொல்லி, இழந்த புள்ளிகளை மட்டும் பார்ப்பது நம்பத்தக்கது. நெட் அருகே தாமதமாக மட்டை எழுந்து இழந்தவை அதிகமா, உடம்புக்கு நேராக வந்த ஸ்மாஷைத் தடுக்க முடியாமல் இழந்தவை அதிகமா, அல்லது பின்களத்திலிருந்து போன கிளியர் பாதியில் விழுந்து எதிரிக்கு இரையானவை அதிகமா என்று பார்த்தால் மட்டை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது தெரிந்துவிடும். முதல் இரண்டும் என்றால் தலை இலேசானது. மூன்றாவது என்றால் இளகிய தண்டும் சற்றே தலை கனமும். நிலையான ஜோடியோடு ஆடுபவர்கள் இருவரும் சேர்ந்து யோசிப்பது இன்னும் நல்லது. உலகத் தரவரிசையில் முதலிடத்தில் நெடுநாள் இருந்த இந்தோனேசியாவின் கெவின் சஞ்சயா சுகமுல்ஜோவும் மார்கஸ் ஃபெர்னால்டி கிடியனும் ஒருவர் 88எஸ், மற்றவர் 88டி என்று வெவ்வேறு மட்டைகளோடு ஆடியவர்கள். ஒருவர் முன்னால் வேட்டையாட, மற்றவர் பின்னாலிருந்து இறக்கினார். நம் அரங்குகளிலோ ஜோடியில் இருவரும் ஒரே மாதிரித் தலை கனத்த மட்டையை வைத்துக்கொண்டு, நெட்டைக் காக்க ஆளில்லாமல் தோற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

இனி நரம்பு. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மட்டை வாங்குபவர்கூட 'ஏதாவது ஒன்றைப் போட்டுக் கொடுங்கள், நல்லா டைட்டா இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டு வருவதைப் பார்க்கும்போது எனக்கு மனது கேட்பதில்லை. ஷட்டிலைத் தொடுவது நரம்புதான், சட்டமோ தண்டோ அல்ல. இறுக்கிக் கட்டினால் அடி பலமாகும் என்பது தவறான நம்பிக்கை. இழுவிசை குறைவாக இருந்தால் நரம்பு வலை அதிகமாக உள்வாங்கித் திருப்பி எறியும். நடுவில் நன்றாகப் படும் பரப்பும் பெரிதாக இருக்கும். இழுவிசை கூடினால் இந்த இரண்டும் குறைந்து, அதற்குப் பதிலாகத் துல்லியம் கூடும். அந்தத் துல்லியத்தைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் நடுவிலேயே அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக ஆடுபவர்களுக்கு 20 முதல் 23 பவுண்டு, ஓரளவு பழகியவர்களுக்கு 24 முதல் 26 பவுண்டு போதும் என்பது என் அனுபவம். சட்டத்தின் அருகே அச்சிட்டிருக்கும் மேல் வரம்பைத் தாண்டிக் கட்டச் சொன்னால், சட்டம் உடைந்தால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. நரம்பின் பருமனும் கணக்கில் வர வேண்டும்: பிஜி65 0.70 மில்லிமீட்டர், நெடுநாள் உழைக்கும், பிஜி80 0.68, அடிக்குக் கடினமான உணர்வு தரும். பிஜி66 அல்டிமேக்ஸ் 0.65, துள்ளலும் சத்தமும் அதிகம், சட்டத்தின் ஓரத்தில் பட்டால் விரைவில் அறுந்துவிடும். நைலான் ஷட்டிலில் ஆடுபவர்களுக்கும், அடி இன்னும் நடுவில் படாதவர்களுக்கும் பிஜி65ஐவிட்டு வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. நரம்பு அறுந்தால் மீதியை உடனே நடுவிலிருந்து வெட்டி எடுத்துவிட வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தால் சட்டம் கோணிப்போகும்.

நரம்பு கட்டுபவரைத் தேர்ந்தெடுப்பது மட்டையைத் தேர்ந்தெடுப்பதற்கு இணையான வேலை. வடசென்னைக்காரர்கள் பெரும்பாலும் பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கத்தைச் சுற்றியுள்ள விளையாட்டுப் பொருள் கடைகளுக்குத்தான் போகிறோம். விம்கோ நகரிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ மெட்ரோவில் சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம். கடைக்குக் கடை வேலைத்தரம் வேறுபடுகிறது. குறித்த இழுவிசை வந்ததும் பூட்டிக்கொண்டு மேலும் இழுக்காத கைச்சுழற்சி இயந்திரத்தில் கட்டியதற்கும், இழுவிசையைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும் மின்னணு இயந்திரத்தில் கட்டியதற்கும், ஒரே 24 பவுண்டு என்று சொன்னாலும், கையில் நன்றாகவே வேறுபாடு தெரியும். ஒரு கடையில் 24 கேட்டுக் கட்டிய மட்டை வீட்டுக்கு வந்ததும் குறுக்கு நரம்புகள் அலை அலையாக வளைந்து கிடந்ததைப் பார்த்து, மறுபடி வேறிடத்தில் முழுவதையும் வெட்டிக் கட்ட நேர்ந்தது. கொடுப்பதற்கு முன் இயந்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மட்டையை ஆறு இடங்களுக்கு மேல் தாங்கிப் பிடிக்கிறதா, சட்டத்தின் துளைகளில் நரம்பு நுழையும் குரோமெட் குழல்கள் தேய்ந்திருந்தால் மாற்றித் தருவாரா என்று கேளுங்கள். நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். 'என்ன ஷட்டில் ஆடுறீங்க, வாரத்துல எத்தனை நாள்?' என்று அவரே உங்களைக் கேட்டால் அங்கேயே மட்டையைக் கொடுத்துவிடலாம்.

நம் ஊரின் வெப்பமும் புழுக்கமும் இதில் பெரிய பங்கு வகிக்கின்றன. குளிரூட்டாத தகரக் கூரை அரங்கில் ஏப்ரல், மே மாதங்களில் ஆடும்போது கைப்பிடி நனைந்து வழுக்குகிறது. வழுக்குகிறது என்று இறுக்கிப் பிடித்தால் விரல்களால் செய்ய வேண்டிய வேலை நின்றுபோய், தோளுக்கு மட்டும் வேலை மிஞ்சுகிறது. ஜி5 கைப்பிடி வாங்கி அதன் மேல் 0.6 மில்லிமீட்டர் மேற்சுற்று ஒன்றைச் சுற்றி, நனைந்ததும் மாற்றிவிடுவது பெரும்பாலானவர்களுக்குப் போதும். வியர்வை அதிகம் உள்ளவர்கள் துவாலைத் துணிக் கிரிப்பைச் சுற்றலாம். அது வியர்வையைக் குடித்துக் குடித்து எடை கூடும் என்பதையும், கைப்பிடியில் கூடும் ஒவ்வொரு கிராமும் சமநிலைப் புள்ளியைக் கீழே இழுக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தலை கனத்த மட்டை வாங்கிவிட்டுத் தடுமாறுபவர்கள் புதிய மட்டை வாங்குவதற்கு முன் கைப்பிடியில் இப்படி எடை கூட்டிப் பார்க்கலாம், ஓரளவுக்குப் பலன் தரும். மட்டைப் பையை இருசக்கர வண்டியில் மாட்டி வெயிலில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். வெப்பத்தில் நரம்பு தளர்ந்து, கட்டிய இழுவிசை சீக்கிரமே போய்விடும்.

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் தெருவிலும் மாநகராட்சி மைதானங்களிலும் கோடு போட்டு ஆடுபவர்களுக்கு ஒரே வார்த்தை: கடற்காற்றை வெல்லும் மட்டை எதுவும் கிடையாது. காற்றில் ஷட்டில் கடைசி நொடியில் விலகும்போது மட்டையை உடனே திருப்ப முடிய வேண்டும் என்பதால் இலேசான தலையே உதவும். அங்கே இவ்வளவு விலை உயர்ந்த மட்டை தேவையில்லை. மேவிஸ் 350 போன்ற நைலான் ஷட்டிலில் பச்சைப் பட்டை மெதுவானது, வெயில் காலத்துக்குரியது, நீலம் நடுத்தரம், சிவப்பு குளிர் நாடுகளுக்கு. பச்சைப் பட்டையை வாங்குங்கள்.

இந்த மூன்று மட்டைகளும் பத்தாயிரம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோதான் விற்கின்றன. ஆட்டம் தொடங்கி ஓராண்டு ஆகாதவர்கள் இவற்றை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடையில் யோனெக்ஸ், லி-நிங், விக்டர் மூன்றிலுமே முழுவதும் கிராஃபைட்டால் ஆன, 4யு எடையில், நடுத்தர நெகிழ்வுள்ள மட்டைகள் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கி, அதோடு வரும் தொழிற்சாலை நரம்பை வெட்டி எறிந்துவிட்டு, பிஜி65ஐ 22 பவுண்டில் கட்டிக்கொள்வது, இரண்டு மடங்கு விலையில் அப்படியே பயன்படுத்தும் மட்டையைவிட மேலானது. தண்டும் தலையும் சேரும் இடத்தில் 'டி' வடிவ இணைப்பு தனியாகத் தெரியும் இரும்பு மட்டைகளைக் குழந்தைகளுக்குக்கூட வாங்காதீர்கள். அவற்றின் கனத்தில் மணிக்கட்டுப் பழக்கம் வரவே வராது. உயர்விலை மட்டை வாங்கும்போது தண்டு கைப்பிடிக்குள் நுழையும் கூம்பில் பொறித்திருக்கும் எண்ணையும், சட்டத்தில் உள்ள எழுத்துகளின் தெளிவையும் பார்த்து, ரசீது கேட்டு வாங்க வேண்டும். போலிகள் சந்தையில் தாராளமாக உலவுகின்றன, பாதி விலைக்கு அஸ்ட்ராக்ஸ் தருகிறேன் என்பவரிடம் கேள்வியே கேட்காமல் திரும்பிவிடலாம்.

என் கையிலிருந்து மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் ஆர்க்சேபர் 11 புரோவை வைத்துக்கொள்வேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள், வேலைக்குப் பின், டபுள்ஸ் ஆடும் நடுத்தர ஆட்டக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டால் நானோஃபிளேர் 700ஐத்தான் சொல்வேன்; களைத்த கைக்கு அது இடம் கொடுக்கிறது. அஸ்ட்ராக்ஸ் 88டி புரோவைத் தாங்கும் தோள் உள்ளவர் யாரிடமும் கேட்கப் போவதில்லை. அவர் நண்பரிடம் இரண்டு ஆட்டத்துக்கு வாங்கி ஆடிப் பார்த்துவிட்டு, அதையே திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் பெரியமேட்டுக்குக் கிளம்பிவிடுவார்.